கெடா அருங்காட்சியகங்களில் தோட்ட மக்களின் இடம்

ஒரு வட்டாரத்தின் அருங்காட்சியகங்களும் கலைக்கூடங்களும் அங்கே வாழ்ந்தவர்களில் யாரை நினைவில் வைத்திருக்கின்றன, யாரை விட்டுவிடுகின்றன என்ற கேள்வி மலேசிய மாநிலமான கெடாவில் ஏறத்தாழ நூறாண்டுகளாக வெவ்வேறு உருவில் எழுந்துவருகிறது. பூஜாங் பள்ளத்தாக்கில் பழங்கோயில்களின் செங்கல் அடித்தளங்களைத் தோண்டியவர்கள் 1930களில் அதற்கு ஒரு விடை சொன்னார்கள். 1971இல் தேசியப் பண்பாட்டுக் கொள்கையை வகுத்தவர்கள் வேறொன்று சொன்னார்கள். 2013இல் சுங்கை பத்துவில் ஒரு பழங்கோயிலின் எச்சம் இடிக்கப்பட்டபோது பழைய விடைகளெல்லாம் மறுபடி பேச்சுக்கு வந்தன. இவற்றில் எதுவும் ரப்பர் தோட்டங்களில் மூன்று நான்கு தலைமுறை வாழ்ந்த தமிழர்களை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டதல்ல. ஆயினும் ஒவ்வொரு விடையையும் உரசிப் பார்க்க அவர்களுடைய நிலையே தக்க உரைகல்.

வடக்கே நெல், தெற்கே ரப்பர்

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கெடாவில் சுமார் 21 லட்சம் பேர் வாழ்கிறார்கள். மலாய்க்காரர் பெரும்பான்மையினர். சீனருக்கு அடுத்து வரும் இந்தியர் ஏறத்தாழ 7 விழுக்காடு. அவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர். தாய்லாந்து எல்லையை ஒட்டிய பகுதிகளில் சயாமியச் சிற்றூர்கள் உண்டு. பாலிங் மாவட்டத்தின் லுபுக் உலு லெகோங்கில் கென்சியு பழங்குடியினர் வாழ்கிறார்கள். தமிழர் பெரிதும் மாநிலத்தின் தென்பகுதியில், சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம், லூனாஸ், பாடாங் செராய், குவாலா கெட்டில் ஆகிய ஊர்களிலும் அவற்றைச் சுற்றியிருந்த தோட்டங்களிலும் வேரூன்றியவர்கள். 1909இல் பாங்காக் உடன்படிக்கையால் கெடா சயாமின் மேலாண்மையிலிருந்து பிரிட்டிஷ் பாதுகாப்புக்குள் வந்தது. அதையொட்டிய ஆண்டுகளில் ரப்பர் பரவிய வேகத்தில் கங்காணிகள் வழியாக ஆள்சேர்ப்பு நடந்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் தோட்டங்கள் துண்டாடப்பட்டன, செம்பனைக்கு மாறின, பின்னர் வீடமைப்புத் திட்டங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் ஆயின. 1996இல் திறக்கப்பட்ட கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா இந்த மாற்றத்தின் பெரிய அடையாளம்.

அருங்காட்சியகங்களின் இருப்பிடம் இந்த மக்கள் பரவலோடு பொருந்தவில்லை. அலோர் ஸ்டாரில் மாநில அருங்காட்சியகம், அரச அருங்காட்சியகம், மாநில ஓவியக்கூடம், முன்னாள் பிரதமர்கள் துங்கு அப்துல் ரஹ்மானும் மகாதீரும் தொடர்புடைய நினைவு இல்லங்கள் என ஒரு வரிசையே உண்டு. நகருக்கு வெளியே, கெரியாங் குன்றின் அடிவாரத்தில் நெல் அருங்காட்சியகம் இருக்கிறது. அதன் உட்சுவரைச் சுற்றி வயல்வெளிகளைப் பிரமாண்டமாக வரைந்தவர்கள் வட கொரிய ஓவியர்கள். லங்காவியில் மகாதீர் பெற்ற பரிசுப்பொருள்களுக்கென்று ஒரு கூடம் உண்டு. கோத்தா கோலமூடாவில் 2004 ஆழிப்பேரலைக்கும் ஒரு காட்சிக்கூடம் அமைந்தது. பூஜாங் பள்ளத்தாக்கின் மெர்போக்கில் தொல்லியல் அருங்காட்சியகம். ஆக அரண்மனைக்கும் நெல்லுக்கும் பழங்கோயில்களுக்கும் அரசியல் தலைவர்களுக்கும் கூரை கிடைத்திருக்கிறது. நூறாண்டுக் காலம் மாநிலத்தின் தென்பாதிக்குச் சோறு போட்ட ரப்பருக்கு நெல் அருங்காட்சியகத்துக்கு இணையான ஒன்று அமையவில்லை. திட்டமிட்ட ஒதுக்கல் என்று இதை உடனே சொல்லிவிட முடியாது. தோட்டம் என்பது தனியார் நிறுவனத்தின் சொத்து. அருங்காட்சியகமோ அரசின் பொறுப்பு. இரண்டுக்கும் நடுவே வாழ்ந்தவர்கள் எவருடைய கணக்கிலும் ஏறவில்லை என்பதே பொருத்தமான விளக்கமாகத் தோன்றுகிறது.

கடாரம் என்னும் விடை

தமிழர் தரப்பில் மிக அதிகமாகச் சொல்லப்படும் விடை, கெடாவின் பழம்பெயராகக் கொள்ளப்படும் கடாரம். பட்டினப்பாலை குறிப்பிடும் காழகத்தை உரையாசிரியர் நச்சினார்க்கினியர் கடாரம் என்று கொண்டார். சோழ மன்னன் முதலாம் ராஜேந்திரனின் கல்வெட்டுகள் ஏறத்தாழ 1025இல் நடந்த கடற்படையெடுப்பில் வென்ற இடங்களில் கடாரத்தைச் சேர்க்கின்றன. இந்த இலக்கிய, கல்வெட்டுச் சான்றுகளுக்கு மண்ணிலிருந்து துணை வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். பினாங்கை ஒட்டிய பகுதியில் பணியாற்றிய ஜேம்ஸ் லோ என்ற பிரிட்டிஷ் அதிகாரி பழஞ்சின்னங்களைப் பற்றி எழுதினார். அவர் 1834இல் கண்டெடுத்த, புத்தகுப்தன் என்ற மாலுமியின் பெயர் பொறித்த கல் இன்று கொல்கத்தாவின் இந்திய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1930களின் பிற்பகுதியில் குவாரிட்ச் வேல்ஸும் அவர் மனைவி டோரதியும் முப்பது இடங்களளவில் அகழ்ந்து 1940இல் அறிக்கை வெளியிட்டனர். அகழ்வு நடந்த இடங்களில் சில தோட்ட நிலங்களுக்குள்ளேயே இருந்தன. பழைய கடாரமும் புதிய ரப்பரும் ஒரே மண்ணைப் பங்கிட்டுக்கொண்டன.

வேல்ஸின் அறிக்கைத் தலைப்பே மலாயாவில் இந்தியர் 'குடியேற்றம்' என்று பேசியது. இந்தியாவிலிருந்து அலையலையாக வந்த குடியேறிகள் நாகரிகத்தைக் கொண்டுவந்தார்கள் என்பது அவர் கருத்து. 1926இல் கல்கத்தாவில் தொடங்கப்பட்ட பேரிந்தியச் சங்கத்தின் சிந்தனையும், ஆர். சி. மஜும்தார் போன்றோரின் நூல்களும் அதே திசையில் சென்றன. 1966இல் கோலாலம்பூரில் நடந்த முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டுக்குப் பிறகு கடாரப் பெருமை மலேசியத் தமிழரின் பொதுப்பேச்சில் இன்னும் ஆழமாக இடம்பிடித்ததாகக் கொள்ளலாம்.

அறிஞர்கள் இந்தக் குடியேற்றக் கருத்தைக் காலப்போக்கில் கைவிட்டார்கள். 1959-60இல் புக்கிட் பத்து பஹாட் கோயிலை மீட்டமைத்த அலஸ்டைர் லாம்ப், பின்னர் நிக் ஹசன் ஷுஹைமி, பிரெஞ்சு ஆய்வாளர் ஜாக்-ஹெர்குவால்ச் ஆகியோர் வெவ்வேறு அழுத்தத்தோடு ஒன்றை வலியுறுத்தினர். பூஜாங், உள்ளூர்த் தலைவர்கள் நடத்திய வணிகத் துறைமுகம். இந்தியச் சமயமும் எழுத்தும் அவர்கள் விரும்பி எடுத்துக்கொண்டவை. சோழரின் ஆனைமங்கலச் செப்பேடும் இதற்குத் துணை நிற்கிறது. ராஜேந்திரனின் படையெடுப்புக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முன்பு கடாரத்து அரசன் ஸ்ரீமாரவிஜயோத்துங்கவர்மன் நாகப்பட்டினத்தில் சூளாமணி விகாரத்தை எழுப்பினான். அதற்கு ராஜராஜன் ஓர் ஊரையே தானமாக அளித்தான். போக்குவரத்து இருபக்கமும் இருந்திருக்கிறது.

சுங்கை பத்துவில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் அகழ்வு மூன்றாவது நிலைப்பாட்டுக்கு இடம் கொடுத்தது. அங்கே இரும்பு உருக்கிய உலைகளும் படகுத்துறை எச்சங்களும் வட்டமும் சதுரமுமாகக் கட்டிய செங்கல் அமைப்பும் வெளிப்பட்டன. அந்தச் செங்கல் அமைப்பு இந்து, பௌத்த மரபுக்கு முந்தையது என்றும், அந்த இடத்தின் தொடக்கம் கிறிஸ்துவுக்கு முன் பல நூற்றாண்டுகளுக்குச் செல்கிறது என்றும் அகழ்வை முன்னின்று நடத்திய மொக்தார் சைடின் கூறினார். மிகப் பழைய காலக்கணிப்புகளை எல்லா ஆய்வாளரும் ஏற்கவில்லை. 2023இல் யான் மாவட்டத்தின் புக்கிட் சோராஸில் ஏறத்தாழ முழு உருவில் சுதைப் புத்தர் சிலை கிடைத்தது. பௌத்தத் தடயங்கள் பள்ளத்தாக்கின் எல்லையையும் தாண்டி நீள்கின்றன என்பதற்கு அது சான்று.

மெர்போக் அருங்காட்சியகம் 1980இல் திறக்கப்பட்டது. பெண்டாங் டாலாம், பெண்டியாட், பெங்காலான் பூஜாங் ஆகிய இடங்களின் கோயில் அடித்தளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டு அதன் வளாகத்தில் மறுபடி அடுக்கப்பட்டிருக்கின்றன. புக்கிட் பத்து பஹாட்டில் லாம்ப் கண்டெடுத்த கருங்கல் பேழைகள் கூர்ந்து பார்க்க வேண்டியவை. கோயில் எழுப்பும்போது அடியில் புதைத்தவை அவை. உள்ளே சிறு செம்புக் கலமும் மணிகளும் சிறிய உலோக உருவங்களும் இருந்தன. கருவறைக்கு அடியில் பொருள் வைத்துக் கட்டும் வழக்கத்தைக் கெடாத் தமிழர் இன்றும் கோயில் திருப்பணிகளில் பார்க்கிறார்கள். பேழையை இந்தச் சடங்கோடு இணைத்துக் காட்டினால், தொல்பொருளுக்கும் வாழும் சமூகத்துக்கும் இடையே ஒரு கதவு திறக்கும். 'இந்துவாக்கம்', 'உள்ளூர்மயம்' என்ற சர்ச்சையை மட்டும் விளக்கப் பலகையில் எழுதினால் அந்தக் கதவு மூடியே கிடக்கும்.

2013 டிசம்பரில் செய்தி வெளியான 11ஆம் எண் சண்டியின் (பழங்கோயில் எச்சத்தின்) இடிப்பு இந்தப் பிரச்சினையின் வேறொரு பக்கத்தைக் காட்டியது. சுங்கை பத்துவில் தனியார் நிலத்தில் இருந்த, ஆயிரத்து இருநூறு ஆண்டுப் பழமை கூறப்பட்ட அடித்தளம் வீடமைப்புப் பணிக்காக நிரவப்பட்டிருந்தது. வி. நடராஜன் தலைமையிலான பூஜாங் பள்ளத்தாக்கு ஆய்வு வட்டம் அதை வெளிப்படுத்தியது. 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் நடைமுறையில் இருந்தும், அந்த இடம் அச்சட்டத்தின் கீழ்ப் பதிவாகவில்லை. எதிர்ப்பு பெரிதும் இந்திய அமைப்புகளிடமிருந்து வந்ததால் அது இனப் பிரச்சினைபோல் பேசப்பட்டது. உண்மையில் தவறு பதிவேட்டில் இருந்தது. பதிவாகாத இடம் எந்த இனத்தின் பெருமையாக இருந்தாலும் மண்வாரி இயந்திரத்தின் முன் ஒன்றுதான்.

கடார விடையின் பெரிய பலவீனம் இதற்கு வெளியே இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டில் தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆர்க்காட்டுக் கிராமங்களிலிருந்து கப்பலேறியவர்கள் ராஜேந்திரனின் படைவீரர் வழிவந்தவர்கள் அல்லர். அப்படி நிறுவச் சான்றும் இல்லை. ஒரு படையெடுப்பைச் சொல்லி இடம் கேட்பது, அந்தப் படையெடுப்புக்கு ஆளான மண்ணின் மக்களிடம் விந்தையாகவே ஒலிக்கும். அதைவிட முக்கியமானது, ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய அரசனைக் காட்டிக்கொண்டிருக்கும்போது ஐம்பது ஆண்டுக்கு முன் பால் மரம் வெட்டிய பாட்டி கண்ணில் படாமல் போகிறாள் என்பது.

தேசியப் பண்பாட்டில் ஒரு மூலை

1971 ஆகஸ்டில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் கூடிய தேசியப் பண்பாட்டு மாநாடு மூன்று கொள்கைகளை வகுத்தது. தேசியப் பண்பாடு இவ்வட்டாரத்தின் பூர்வ மக்களின் பண்பாட்டை அடிப்படையாகக் கொள்ளும்; பொருத்தமான பிற பண்பாட்டுக் கூறுகளை ஏற்றுக்கொள்ளலாம்; இஸ்லாம் அதில் முக்கிய அங்கம். 1983இல் சீன அமைப்புகளும் 1984இல் இந்திய அமைப்புகளும் இதை விமர்சித்து மனுக்கள் அளித்தன. 'பொருத்தமான கூறு' எது, அதை யார் தேர்ந்தெடுப்பது என்பதே அவற்றின் மையக் கேள்வி. 2021இல் புதிய தேசியப் பண்பாட்டுக் கொள்கை வெளியிடப்பட்டது. பன்மைக்கு அது கூடுதல் அழுத்தம் தந்தபோதிலும் பழைய கேள்வி அடங்கிவிட்டதாகச் சொல்ல முடியாது.

இந்தக் கொள்கையின் நிழலில் மலேசிய மாநில அருங்காட்சியகங்கள் பலவற்றிலும் ஒரே வாய்ப்பாடு உருவானது. மூன்று இனங்களின் திருமண உடை, விளக்கு, இசைக்கருவி, கோலம் என ஒரு 'பல்லினக் கூடம்'. இதை ஏளனம் செய்வது எளிது. ஒன்றுமே இல்லாத நிலையைவிட இது மேல் என்பதையும் மறக்கக்கூடாது. ஆனால் பட்டுச்சேலை கட்டிய உருவப் பொம்மை தோட்டத்தில் யாரையும் குறிப்பதில்லை. எந்த ஊர், எந்தக் காலம், எந்தத் தொழில் என்ற விவரங்கள் கழன்று, பண்டிகை மட்டும் மிஞ்சுகிறது. உழைப்பு, சம்பளம், வேலைநிறுத்தம், நோய், சாவு ஆகியவை காட்சிப்பெட்டிக்கு வருவதில்லை. பண்டிகையின் பொது அங்கீகாரமும் நிலையானதாக இல்லை. கெடாவில் தைப்பூசம் நிலையான மாநில விடுமுறையாக இல்லாததால் ஆண்டுதோறும் தனியே அறிவிக்கப்பட்டுவந்தது. 2021இல் அது மறுக்கப்பட்டது.

உலக அளவில் அருங்காட்சியகத் துறை வேறு திசையில் நகர்ந்திருக்கிறது. 1972இல் சிலியின் சாந்தியாகோவில் நடந்த வட்டமேசை, அருங்காட்சியகம் சுற்றியுள்ள சமூகத்தின் வாழ்வோடு இணைய வேண்டும் என்றது. 2022 ஆகஸ்டில் பிராகில் பன்னாட்டு அருங்காட்சியக மன்றம் ஏற்ற புதிய வரையறை, எல்லோரும் அணுகக்கூடியதாகவும் யாரையும் விலக்காததாகவும் இருந்து பன்மையை வளர்ப்பதும், சமூகங்களின் பங்கேற்போடு செயல்படுவதும் அருங்காட்சியகத்தின் இயல்பு என்கிறது. வரையறைகள் பட்ஜெட் கொண்டுவருவதில்லை. ஆயினும் காட்சியில் இடம், சேகரிப்பில் இடம், முடிவெடுப்பதில் இடம் என்ற மூன்றையும் பிரித்துப் பார்க்க இந்த விவாதங்கள் கற்றுக்கொடுத்தன. கெடாவின் பல்லினக் கூடம் முதலாவதோடு நின்றுவிடுகிறது.

தனிக் கூரையா, பொதுக் கூரையா

சமூகத்துக்கென்று தனி அருங்காட்சியகம் வேண்டும் என்பது இன்னொரு நிலைப்பாடு. அதற்கு முன்மாதிரிகள் உண்டு. மலாக்காவின் காஜா பெராங்கில் செட்டிகள் தங்கள் கிராமத்திலேயே சிறு அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். சிங்கப்பூரில் 2015இல் இந்திய மரபுடைமை நிலையம் அரசின் ஆதரவோடு திறக்கப்பட்டது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒப்பந்தக் கூலிகளின் வரலாற்றைக் காக்கும் நிலையம் இயங்குகிறது. மொரீஷியஸில் கூலிகள் இறங்கிய ஆப்ரவாசி காட் 2006இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது.

கெடாவுக்கு இவற்றைவிட நெருக்கமான ஒப்புமை இலங்கை மலையகத்தில் இருக்கிறது. கண்டிக்கு அருகே ஹந்தானையில் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்று தேயிலை அருங்காட்சியகமாக ஆனது. அங்கே இயந்திரங்களும் துரைமாரின் கதையும் மேலோங்கி நிற்கின்றன. 2007இல் கம்பளைப் பகுதியில் ஒரு தோட்டத்தின் பழைய லயத்தை, அதாவது தொழிலாளர் வரிசைவீட்டை, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாகவும் ஆவணக் காப்பகமாகவும் மாற்றினார்கள். லயத்து அறையின் குறுக்களவே அங்கே முதல் காட்சிப்பொருள். ஒரே பயிர், அதைச் சொல்ல இரண்டு கட்டடங்கள், இரண்டு வரலாறுகள். பொது அருங்காட்சியகம் உழைப்பாளரைச் சேர்க்கும்வரை காத்திருக்காமல் தனிக் கூரை அமைப்பதன் பயனை இது காட்டுகிறது.

குறையும் இல்லாமலில்லை. தனி அருங்காட்சியகம் அமைந்தபின், மாநில அருங்காட்சியகம் தன் பொறுப்பைக் கைகழுவிவிட வாய்ப்புண்டு. நிதி ஒரு சில தனியாரையோ அரசியல் கட்சியையோ நம்பி நிற்கும். மற்ற இனத்துப் பள்ளி மாணவர் அங்கே வருவார்களா என்பதும் ஐயமே. தோட்டத்தில் சீனக் கடைக்காரரும் மலாய் அண்டைக் கம்பமும் சேர்ந்துதான் வாழ்க்கை நடந்தது என்பதைத் தனிக் கூரை மறைத்துவிடவும் கூடும்.

காண்டாவும் செக்ரோலும்

தோட்ட வாழ்வைக் காட்சியாக்குவதில் உள்ள சிக்கல், அதன் பொருள்கள் மதிப்பற்றவையாகக் கருதப்பட்டது. விடியுமுன் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுவார்கள். தலைவிளக்கோடு நிரைக்குள் போய், உளியால் பட்டையை மெல்லிய சீவலாகச் சீவ வேண்டும். ஆழம் கூடினால் மரம் காயப்படும், மேற்பார்வையாளரான மண்டோர் திட்டுவார். குறைந்தால் பால் வராது. சீவிய கோட்டின் முனையில் பாலைப் பிடிக்கும் மங்கு. வெயில் ஏறுமுன் மங்குகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி, காண்டாவின் இரு முனையிலும் வாளிகளைத் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டுபோக வேண்டும். மரத்தில் காய்ந்த கட்டிப்பாலும் ஒட்டுப்பாலும் தனியே எடை போடப்படும். கைக்குழந்தைகள் ஆயாக்கொட்டகையில். இந்த ஒழுங்கில் ஒவ்வொரு பொருளும் ஒரு சான்று: வழவழப்பாகத் தேய்ந்த காண்டாக் கம்பு தோளின் வரலாறு, செக்ரோல் புத்தகம் வேலைக்கு வந்த நாள், வராத நாள், பிடித்தம், முன்பணம் எல்லாவற்றின் வரலாறு. தோட்டம் மூடும்போது வாளி பழைய இரும்புக் கடைக்குப் போகிறது. செக்ரோல் எரிக்கப்படுகிறது, அல்லது நிறுவனத்தின் கிடங்கில் கரையான் தின்கிறது. பிற்காலத்தில் அருங்காட்சியகம் தேடி வரும்போது, அரசர் வாளைப்போல் இவற்றைப் பாதுகாத்து வைத்த வீடு இருக்காது.

நிகழ்வுகளுக்கும் இதே கதி. இரண்டாம் உலகப் போரில் சயாம் மரண ரயில்பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டுசெல்லப்பட்டார்கள். போருக்குப் பின் பீடோங் வட்டாரத்தில் எழுந்த தொண்டர் படை கள்ளுக்கடைகளை மறித்தது. ஹார்வர்ட் தோட்டத்தைச் சேர்ந்த ஏ. எம். சாமி அதன் முன்னணியில் இருந்தார். 1947இன் தொடக்க மாதங்களில் பீடோங், புக்கிட் செம்பிலான், கூலிம் பகுதியின் டப்ளின் தோட்டம் ஆகிய இடங்களில் போலீசாரோடு மோதல் நேர்ந்து உயிர்கள் பலியாயின. தொழிற்சங்க வரலாற்றை எழுதியவர்கள், குறிப்பாக மைக்கேல் ஸ்டென்சன், இதற்குத் தக்க இடம் கொடுத்தார்கள். தேச விடுதலையின் பொதுக்கதையில் இது எங்கே வைக்கப்படும் என்று முடிவாகவில்லை. கம்யூனிச இயக்கத்தின் சாயல் படிந்ததால் அரசுத் தரப்பு தயங்குகிறது. கள் மறியலைச் சமூகச் சீர்திருத்தமாக மட்டும் நினைவுகூர விரும்பும் தமிழ்த் தரப்பும் வேலைநிறுத்தப் பக்கத்தைச் சற்றுத் தள்ளியே வைக்கிறது.

இடத்திலேயே பாதுகாக்க வேண்டும் என்று வாதிடுவோர் கேப் டவுனின் ஆறாம் வட்டார அருங்காட்சியகத்தைச் சுட்டுவார்கள். நிறவெறி அரசு மக்களை அப்புறப்படுத்தி இடித்த ஒரு பகுதியின் நினைவாக 1994இல் அது தொடங்கப்பட்டது. தெருப்பலகைகளும், தரையில் விரித்த வரைபடத்தில் பழைய குடியிருப்பாளர் தாமே எழுதிய பெயர்களும் அதன் மூலதனம். பொருள் இல்லாவிட்டாலும் இட நினைவைச் சேகரிக்க முடியும் என்பதற்கு அது எடுத்துக்காட்டு. கெடாவில் எந்த லயம் எங்கே நின்றது, எந்த முனீஸ்வரர் எந்த மரத்தடியிலிருந்து எங்கே பெயர்ந்தார் என்பதைத் இன்றைய தாமான் (வீடமைப்புப் பகுதி) வீடுகளில் வாழும் முதியோர் இன்னும் சொல்ல முடியும்.

எழுத்தும் மேளமும்

கட்டடம் இல்லாத இடத்தில் புனைகதை காப்பகத்தின் வேலையைச் செய்திருக்கிறது. பீடோங்கில் பிறந்த கே. எஸ். மணியம் ஆங்கிலத்தில் எழுதிய 'தி ரிட்டர்ன்' 1981இல் வெளிவந்தது. தமிழில் சீ. முத்துசாமியின் 'மண்புழுக்கள்' தோட்டத்தின் உள்வாழ்வைச் சொல்கிறது. 2017இல் அவருக்குத் தமிழ்நாட்டில் விஷ்ணுபுரம் விருது வழங்கப்பட்டது. சுங்கை பட்டாணியின் கோ. புண்ணியவான் சயாம் ரயில்பாதையைக் கருவாகக் கொண்டு 'கையறு' எழுதினார். லூனாஸில் பிறந்த ம. நவீனின் 'பேய்ச்சி' அந்த ஊரின் தோட்ட உலகத்தையும் நஞ்சான சாராயத்தின் சாவுகளையும் தொட்டது; 2020 டிசம்பரில் உள்துறை அமைச்சு அதைத் தடைசெய்தது. மலாய் மொழியில் எழுதப்படுவதே தேசிய இலக்கியம், பிற மொழி எழுத்து இனக்குழு இலக்கியம் என்ற பாகுபாடு நிலவும்வரை, இந்நூல்கள் மாநில அளவிலான எழுத்துக் காட்சியில் எந்த அலமாரியில் வைக்கப்படும் என்பது தெளிவாகாது. மணியத்துக்குப் பெரிய அங்கீகாரமான ராஜா ராவ் விருது 2000இல் வெளிநாட்டிலிருந்து வந்தது இதன் ஒரு விளைவு எனலாம்.

நிகழ்த்துகலையில் நிலைமை கலவையானது. கெடா மலாய்க்காரரின் மெக் முலோங் நாடகம் 2023இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. அதற்கு முன்பு அது மறையும் தறுவாயில் இருந்தது. பெரும்பான்மையின் கலையாக இருப்பதாலேயே ஒன்று பாதுகாப்பாக இருந்துவிடுவதில்லை. தமிழ்ப் பக்கத்தில் உறுமி மேளம் இளைஞரிடம் உயிரோடு இருக்கிறது. பிழைக்க அதற்கு அருங்காட்சியகம் தேவையில்லை. ஆனால் அதைக் கலை என்று மதித்து ஆவணப்படுத்துவோர் குறைவு. தைப்பூச ஊர்வலத்தின் ஒழுங்குப் பிரச்சினையாகவே அது அடிக்கடி பேசப்படுகிறது.

தமிழருக்குள்ளே யார்

இந்த விவாதத்தில் மிகக் குறைவாகப் பேசப்படுவது இதுதான். தோட்டத்தில் கிராணி (எழுத்தர்) வேலை பெரும்பாலும் யாழ்ப்பாணத் தமிழரிடமும் மலையாளிகளிடமும் இருந்தது. படித்தவர்கள் எழுதி வைத்த நினைவுகளும் அவர்கள் வீட்டுப் புகைப்படங்களும் தப்பிப் பிழைத்தன. பால்வெட்டுக்காரரின் நினைவு வாயோடு போனது. மரபுடைமைக் குழுக்களில் இன்று அமர்பவர்களும் நகரத்து வழக்கறிஞர், மருத்துவர், அரசியல்வாதிகள். தெலுங்கர் 'இந்தியர்' என்ற பெட்டிக்குள் காணாமல் போகிறார்கள். லயத்து வரிசையிலும் கோயில் உரிமையிலும் சாதி இருந்தது. பறை அடித்தவர் யார் என்பதைச் சொல்லாமல் பறையை மட்டும் கண்ணாடிப் பெட்டியில் வைக்கும் காட்சி அரைக்காட்சி. பெண்கள் ஆண்களுக்கு நிகராக நிரை வெட்டிவிட்டு வந்து சோறும் பொங்கினார்கள். தோட்டக் கதைகளில் வீரர்களாக வருபவர்கள் பெரிதும் ஆண்களே. இடம் கேட்கும் சமூகம் தனக்குள் இடம் கொடுக்கிறதா என்ற கேள்வியை மாநில அதிகாரிகள் கேட்டால் அது தட்டிக்கழிப்பதாகத் தோன்றும். சமூகமே கேட்டுக்கொண்டால்தான் பயன்.

தீராதவை

இந்த விடைகளில் எதுவும் தனியே போதுமானதாகத் தோன்றவில்லை. கடாரம் தொன்மையைத் தருகிறது, தோட்டத்தைத் தரவில்லை. பல்லினக் கூடம் இருப்பை ஒப்புக்கொள்கிறது, வரலாற்றைக் கழற்றிவிடுகிறது. தனி அருங்காட்சியகம் குரலைத் தருகிறது, கேட்பவரைக் குறைக்கிறது. மாநில அருங்காட்சியகத்தின் சேகரிப்புப் பதிவேட்டில் தோட்டப் பொருள்கள் முறையாக ஏறுவதும், தேர்ந்தெடுக்கும் குழுவில் தோட்டத்தில் வாழ்ந்தவர்கள் அமர்வதும் இவற்றைவிட உறுதியான அளவுகோல்களாகப் படுகின்றன. அத்தகைய மாற்றம் பார்வையாளரை உண்மையில் பெருக்குமா என்பதைச் சோதித்தால்தான் தெரியும். விளக்கப் பலகைகளில் மலாய், ஆங்கிலத்தோடு தமிழும் சேர்வது சிறிய செலவு. மற்ற மொழிகளின் கோரிக்கையோடு அது எப்படி ஒத்துப்போகும் என்பதைக் கென்சியு மொழியையும் சயாமியத்தையும் நினைத்துக்கொண்டே முடிவு செய்ய வேண்டும்.

சட்டப் பக்கத்தில் ஓர் இடைவெளி அப்படியே இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் தேசிய ஆவணக் காப்பகச் சட்டம் முதன்மையாக அரசு ஆவணங்களைக் காக்கப் பிறந்தது. தோட்ட நிறுவனங்களின் செக்ரோல், லயப் பதிவு, மருத்துவமனைக் கணக்கு ஆகியவை தனியார் ஆவணங்கள். 1981இல் கத்ரி நிறுவனம் லண்டன் பங்குச் சந்தையில் ஒரே காலையில் மலேசியக் கைக்கு வந்ததுபோல் பல நிறுவனங்கள் கைமாறின, இணைந்தன, பெயர் மாறின. ஆவணங்கள் அந்தப் பயணத்தில் எங்கெங்கே தங்கின என்பதைத் தோட்டம் தோட்டமாகத் தேடித்தான் அறிய வேண்டும். அவற்றை ஒப்படைக்கும்படி நிறுவனங்களைக் கட்டாயப்படுத்துவதா, இணங்கச் செய்வதா என்பதில் மரபுடைமை ஆர்வலரிடையே ஒருமித்த கருத்து இல்லை.